வேர் போன ஆர்க்கிட்டுக்கு வேர் வரவழைப்பது எப்படி

போன ஆவணியில் எங்கள் தெரு அக்கா ஒருவர் ஒரு பூந்தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். தருமபுரியில் வீட்டுக்கு வீடு ரோஜாவும் மல்லியும் இருக்கும், ஆர்க்கிட் அபூர்வம். பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த ஃபெலனாப்சிஸ், பட்டாம்பூச்சி மாதிரி பூக்கும் வகை. "ஏங்க, ஒரு நாள் விடாம தண்ணி ஊத்தறேன். வந்த புதுசுல நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப இலையெல்லாம் தொவண்டு போச்சு. ரெண்டு வேளையா ஊத்தட்டுமா?" என்றார்.

தொட்டியைக் கவிழ்த்தேன். உள்ளே தேங்காய் நார்த்தூள், பிழிந்தால் தண்ணீர் சொட்டும் ஈரம். பன்னிரண்டு வேரில் பத்து கூழாகிவிட்டிருந்தது. செடி தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு தாகத்தில் இருந்தது.

புதிதாக ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இலை துவண்டால் தண்ணீர் போதவில்லை என்றுதான் தோன்றும். ஆனால் குடிக்கிற வாய் வேர்தான். அது அழுகிப்போனால் எவ்வளவு ஊற்றினாலும் இலைக்கு ஒரு சொட்டும் ஏறாது, மிச்சமிருக்கும் வேரும் சேர்ந்து அழுகும். அப்படிப்பட்ட செடிக்கு வேண்டியது காலடியில் ஈரம் இல்லை, சுற்றியிருக்கும் காற்றில் ஈரம். இனி சொல்லப்போகும் எல்லாமே இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

கவிழ்த்துப் பார்ப்பது

நாம் வாங்கும் ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை மண்ணில் வளர்பவை அல்ல, மரத்தில் ஒட்டி வாழ்பவை. நம் பக்கத்து மாமரம், வேப்பமரத்திலேயே சில இடங்களில் காட்டு வாண்டா என்ற ஆர்க்கிட் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அதன் வேர் பட்டையைப் பிடித்தபடி காற்றில் தொங்கும். மழை வந்தால் நனையும், அரை நாளில் காய்ந்துவிடும். இப்படி நனைந்து காய்ந்து வாழ்வதற்காகவே வேரைச் சுற்றி பஞ்சு போன்ற ஒரு உறை உண்டு, வெலமன் என்பார்கள். காய்ந்திருக்கும்போது வெள்ளியாகத் தெரியும். நனைந்ததும் உறை ஊடுருவித் தெரிவதால் உள்ளே இருக்கும் பச்சை வெளியே வரும்.

இதை வைத்தே உயிருள்ள வேரைக் கண்டுபிடிக்கலாம். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, ஒட்டியிருப்பதையெல்லாம் ஓடும் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். சாம்பல் வெள்ளையாக இருந்து, நனைந்ததும் பச்சையாக மாறினால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருக்கும் வேரை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். உள்ளே புதைந்து கிடந்த வேர் கறை பிடித்துப் பழுப்பாகும், அவ்வளவுதான். விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பிதுங்கினாலோ, உறை கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினாலோ அது செத்த வேர். வைக்கோல் மாதிரி உள்ளே ஒன்றுமில்லாமல் நசுங்கினால் அது காய்ந்து செத்தது. அப்படியானால் உங்கள் செடிக்கு நேர்ந்தது அழுகல் இல்லை, உண்மையிலேயே தண்ணீர்ப் பஞ்சம். நல்ல வேர் நிறைய இருந்து இலை மட்டும் சுருங்கியிருந்தாலும் அதே கதைதான். நல்ல வேர் மிச்சமிருந்தால் தொட்டியை 15 நிமிடம் தண்ணீரில் மூழ்க வைத்து வடித்தால் போதும், மீதியைப் படிக்க வேண்டியதில்லை.

வெட்டுவது

கத்தரியைத் தீயில் காட்டி ஆறவிடுங்கள். ஒரு செடி முடிந்து அடுத்ததைத் தொடும்முன் மறுபடியும். ஆர்க்கிட்டுக்கு வரும் வைரஸ் கத்தரி வழியாகத்தான் ஊர் சுற்றும், அதற்கு மருந்தும் கிடையாது.

செத்த வேரை நல்ல பகுதி தெரியும்வரை வெட்டுங்கள். வெட்டிய முனையில் மட்டும் சமையலறைப் பட்டைத்தூளைத் தொட்டு வையுங்கள். முழு வேரிலும் தூவக் கூடாது, அது ஈரத்தை உறிஞ்சிவிடும். நல்ல வேரும் காய்ந்துபோகும். அப்புறம் செடியை நிழலில், காற்றாட அரை நாள் வெறுமனே கிடத்துங்கள். அழுகல் அடித்தண்டு வரைக்கும் ஏறியிருந்தால் மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கலந்து பத்து நிமிடம் முக்கி எடுத்து உலர விடலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் காப்பர் கலந்த பூஞ்சைக்கொல்லி இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகைக்குக் காப்பர் ஆகாது.

பூத்தண்டு இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள். இதற்கு மனசு வராது, தெரியும். அக்காவின் செடியில் கடைசியாக இரண்டு பூ மிச்சமிருந்தது. "அதையாவது விட்டுடுங்களேன்" என்றார். வேரில்லாத செடி இலையில் சேர்த்து வைத்த நீரையும் சத்தையும் கரைத்துத்தான் பூவைத் தாங்குகிறது. பூவைக் கத்தரித்து ஒரு டம்ளரில் போட்டுக் கொடுத்தேன், இரண்டு வாரம் மேசையில் இருந்தது.

நம் ஊர்த் தண்ணீர்

ஆர்க்கிட் வளர்ப்புக் குறிப்புகளில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது பத்தாது. பாறைப் பூமி, ஆழமான போர், உப்பும் கடினத்தன்மையும் கூடிய நீர். ஃப்ளோரைடு வேறு. அதனால்தான் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு இரண்டு மாவட்டங்களுக்கும் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஃப்ளோரைடு நம் பல்லுக்கும் எலும்புக்கும் வந்த கேடு. ஆர்க்கிட்டை முதலில் அடிப்பது மொத்தமாகக் கரைந்திருக்கும் உப்பு.

ஊற்றிய தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தொட்டியிலேயே தங்கும். மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தால், கரித்துண்டின்மேல் மாவு படிந்த மாதிரி இருந்தால், உள்ளேயும் அதுதான் நடக்கிறது. புதிதாக வரும் வேர்முனை அதில் பட்டதும் கருகி நின்றுவிடும். என் முதல் இரண்டு டென்ட்ரோபியமும் இப்படித்தான் போயின. நான் ஓசூரிலிருந்து கொண்டுவந்த செடியே சரியில்லை என்று விற்றவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு உப்புமானி வாங்கி வீட்டு போர்த் தண்ணீரில் முக்கினால் லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டிக் காட்டியது. ஆர்க்கிட்டுக்கு 200-க்குள் இருந்தால் நல்லது. டி.டி.எஸ். மீட்டர் என்று கேட்டால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆர்க்கிட்டுக்காக நீங்கள் வாங்கும் முதல் கருவி அதுவாக இருக்கட்டும்.

சரி, எந்தத் தண்ணீரை ஊற்றுவது? மழைநீருக்கு ஈடில்லை. முதல் மழையில் மொட்டைமாடி கழுவட்டும், அடுத்த மழையிலிருந்து டிரம்மில் பிடித்து, கொசு புகாமல் மூடி வையுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் ஒரு டிரம் பிடித்தால் நாலைந்து செடிக்குத் தை வரைக்கும் தாராளம். மழைநீர் இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். அந்த இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைப் பிடித்து வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். ஆர்க்கிட்டுக்கு அதை ஊற்றவே கூடாது, வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது, சுத்தமான பாத்திரத்தில் பிடித்தால் அதையும் ஊற்றலாம். குழாய்த் தண்ணீரை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போகும், உப்பு போகாது. கொதிக்க வைத்தாலும் கரைந்த உப்பெல்லாம் போய்விடாது.

வேறு வழியே இல்லை, போர்த் தண்ணீர்தான் என்றால், மாதம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரைத் தொட்டி வழியாக நிறைய ஓடவிட்டு உப்பைக் கழுவுங்கள்.

ஈரக்காற்று அறை

இனிதான் வேர் வரவழைக்கும் வேலை. நல்ல வேர் நாலைந்து இருந்தால் இது வேண்டாம், நேரே புதுத் தொட்டிக்குப் போகலாம். ஒன்றிரண்டு வேர்தான், அல்லது ஒன்றுமே இல்லை என்றால் செடியை ஈரக்காற்றில் அடைத்து வைக்க வேண்டும். இலையிலிருந்து நீர் வெளியேறுவது குறையும், இருக்கும் சேமிப்பை வைத்துச் செடி வேர் விடும்.

தேவைப்படுவது கண்ணாடி போல் உள்ளே தெரியும் ஏதாவது ஒரு உறை. சின்னச் செடிக்குப் பெட்டிக்கடைப் பிளாஸ்டிக் மிட்டாய் ஜாடி. பெரிய இலைக்குப் பெட்ஷீட் வாங்கும்போது வரும் ஜிப் வைத்த பை. அக்காவின் செடிக்கு அந்தப் பைதான்.

ஸ்பாக்னம் பாசி காய்ந்த கட்டியாக விற்கும். ஒரு கைப்பிடியை நல்ல தண்ணீரில் ஊற வைத்து, இனி ஒரு சொட்டும் வராது என்னும்வரை பிழியுங்கள். பிழியாமல் போட்டால் பழைய கதையே திரும்பும். பாசி கிடைக்காவிட்டால் தேங்காய் மட்டை நாரை நாலு தண்ணீர் அலசிப் பிழிந்து போடலாம். பைக்குள் அதைப் பரப்பி, அதன்மேல் செடியை வையுங்கள். அடித்தண்டு பாசியைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும், புதைக்க வேண்டாம். இலைகள் சேரும் நடுக்குருத்தில் ஈரம் தங்கக் கூடாது. அங்கே தண்ணீர் நின்றால் குருத்து அழுகும், ஃபெலனாப்சிஸுக்கு இருப்பது ஒரே குருத்து.

பையை மூடி, வெளிச்சம் வரும் ஆனால் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் நல்லது. வெயில் பட்டால் பை பத்து நிமிடத்தில் இட்லிக் குண்டான் ஆகிவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணி நேரம் திறந்து காற்றாட விடுங்கள். பூசணம் தெரிந்தால் அந்தப் பாசியை மாற்றுங்கள். பைக்குள் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பாசி காய்ந்தால் மட்டும் லேசாகத் தெளிக்கலாம்.

எப்போது செய்கிறோம் என்பதும் முக்கியம். 20 முதல் 28 டிகிரிக்குள் வேர் நன்றாக வரும். தருமபுரியில் ஆடி முதல் ஐப்பசி வரை அதற்கு ஒத்துவரும். சித்திரை, வைகாசியில் 38 டிகிரிக்கு மேல் போகும்போது மூடிய பை வேண்டாம், செடி வெந்துவிடும். அப்போது அகலத் தட்டில் செங்கல் ஜல்லி பரப்பி, பாதி வரை தண்ணீர் விட்டு, ஜல்லியின்மேல், தண்ணீர் தொடாமல் செடியை வைத்து, பக்கத்தில் ஈரக் கோணிச்சாக்கைத் தொங்கவிடுங்கள். ஓசூர், தளிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோடை பெரிய தொல்லை இல்லை. ரோஜாவுக்குப் பிடித்த அந்தக் குளிர் மார்கழி இரவில் ஃபெலனாப்சிஸுக்கு அதிகம். 15 டிகிரிக்குக் கீழே போனால் வேர் நின்றுவிடும், ராத்திரி வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள்.

அப்புறம் பொறுமை. ஒரு மாதத்தில் வேர்முனை தெரிந்தால் நல்ல காலம், இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். தினமும் எடுத்துப் பார்ப்பதால் வேகமாக வராது, ஆட்டுவதால் உடையத்தான் செய்யும். கீழே ஓர் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்படாதீர்கள், செடி பழைய இலையை உருக்கிப் புது வேருக்குச் செலவு செய்கிறது.

டென்ட்ரோபியமும் வாண்டாவும்

டென்ட்ரோபியம் வேறு குணம். கரும்பு மாதிரி கணுவுள்ள தண்டுகள்தான் அதன் சேமிப்புக் கிடங்கு. இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கும் பழைய தண்டைக் காய்ந்துவிட்டது என்று வெட்டுவார்கள். பச்சையோ மஞ்சளோ, கெட்டியாக இருக்கும்வரை வெட்டாதீர்கள், புதுக் குருத்துக்கு அதுதான் பால் கொடுக்கிறது. வேர் அந்தப் புதுக் குருத்தின் அடியிலிருந்துதான் வரும். அதனால் தொட்டி மாற்றுவதைக் குருத்து விரல் நீளம் வளர்ந்து, அடியில் வேர்மொட்டு தெரியும் சமயத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னால் மாற்றினால் தவறில்லை, வேர் நீண்டபிறகு மாற்றினால் முனை ஒடியும். சில சமயம் தண்டின் மேல் கணுவில் குட்டிச்செடி முளைக்கும். அடியில் ஏதோ கோளாறு என்றாலும் அப்படி விடும். அதன் வேர் 4, 5 சென்டிமீட்டர் ஆனதும் பிரித்துத் தனியாக வைக்கலாம். தாய்ச்செடி போனாலும் அது மிஞ்சும்.

வாண்டாவுக்குப் பையும் பாசியும் வேண்டாம். வெறும் வேராகவே தொங்கட்டும். காலையில் வேரை மட்டும் 15 நிமிடம் நல்ல தண்ணீரில் முக்கி எடுங்கள், வெயில் காலத்தில் மாலை ஒருமுறை தெளியுங்கள். இரவுக்குள் வேர் வெள்ளியாகிவிட வேண்டும்.

மரத்தில் தானாக ஒட்டியிருக்கும் காட்டு ஆர்க்கிட்டைப் பிய்த்து வந்து இதையெல்லாம் பழக வேண்டாம். பிய்க்கும்போதே பாதி வேர் பட்டையோடு போய்விடும்.

டானிக், மருந்து

வேர் வர என்ன ஊற்றலாம் என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. நான் கடைசியில் சொல்வது அதனால்தான். கடல்பாசிச் சாறு 15 நாளுக்கு ஒருமுறை, லிட்டருக்கு 1 மில்லி, தெளிக்கலாம். அதில் வேரைத் தூண்டும் பொருள் கொஞ்சம் உண்டு, ஆனால் மேலே சொன்னதைச் செய்யாமல் அதை மட்டும் அடித்தால் காசு வீண். குச்சி நடுவதற்கு விற்கும் வேர்ப்பொடியைத் தடவுவதால் கெடுதல் இல்லை, தடவாவிட்டாலும் ஒன்றும் குறையாது. இளநீர் ஊற்றச் சொல்வார்கள். ஆர்க்கிட் திசு வளர்ப்பில் இளநீரைச் சேர்ப்பது உண்மைதான், ஆனால் அது கிருமியே புகாத கண்ணாடிக் குடுவைக்குள். நம் வராந்தாவில் அதன் சர்க்கரைக்கு எறும்பும் பூசணமும்தான் வரும். சர்க்கரைத் தண்ணீருக்கும் இதே பதில். மண்புழு உரம், சாணம், டி.ஏ.பி. எதுவும் கிட்டே வரக் கூடாது. வேரில்லாத செடிக்கு உரம் என்பது வாயில்லாதவனுக்கு விருந்து.

வேர் வந்தபிறகு

ஐப்பசி நடுவில் அக்காவின் செடியில் இலை இடுக்கிலிருந்து பச்சை முனையோடு இரண்டு வேர் எட்டிப் பார்த்தது. ஒரு வாரத்தில் ஒன்றைக் காணோம். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தால் பைக்குள் ஒரு கரப்பான். மிருதுவான வேர்முனை கரப்பானுக்கும் நத்தைக்கும் அவ்வளவு பிடிக்கும். ஜிப்பை முழுக்க இழுத்து மூடாதது என் தப்பு. நல்லவேளை, பத்து நாளில் இன்னும் ஒன்று வந்தது.

வேர் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆனதும் தொட்டிக்கு மாற்றலாம். தொட்டி சின்னதாக இருக்கட்டும், வேர் கொள்ளும் அளவு மட்டும். பெரிய தொட்டியில் நடுப்பகுதி காயாது. பக்கத்திலும் ஓட்டையுள்ள மண்தொட்டி நம் வெயிலுக்கு ஏற்றது. உள்ளே போட இஸ்திரி கடையில் வாங்கும் அடுப்புக்கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துக் கழுவிக்கொள்ளுங்கள். அதோடு ஓட்டாஞ்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு. காவேரிப்பட்டணம் பக்கம் போனால் மட்டைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதிலும் உப்பு இருக்கும். மூன்று நாள் ஊற வைத்து, தினமும் தண்ணீரை மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள். தொட்டி நிரப்ப நார்த்தூள் வேண்டவே வேண்டாம், அது தக்காளி நாற்றுக்கு நல்லது, ஆர்க்கிட்டுக்குச் சேறு.

பாசியில் பிறந்த வேர் திடீரென்று வெறும் கரியில் காய்ந்துபோகும். அதனால் மேல்பக்கம் கொஞ்சம் பாசியைத் தூவி, இரண்டு மாதம் கழித்து எடுத்துவிடுங்கள். செடி ஆடாமல் ஒரு குச்சி நட்டுக் கட்டுவதை மறக்காதீர்கள். ஆடுகிற செடியில் வேர்முனை கரியில் உரசி உரசி மழுங்கிவிடும், எத்தனை வேர் வந்தாலும் பிடிக்காது.

ஷேட் நெட்டுக்குக் கீழே வைக்கலாம். ஃபெலனாப்சிஸுக்கு 75 சதவீதம் நிழல் தரும் வலை, டென்ட்ரோபியத்துக்கு 50. தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வேண்டாம். வேர் பச்சையாக இருந்தால் ஊற்றாதீர்கள், வெள்ளியானதும் காலையில் ஊற்றுங்கள். புது இலை துளிர்த்த பிறகு 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈரமான வேரின்மேல் மட்டும்.

தையில் அக்கா மறுபடி வந்தார், இந்தமுறை கையில் தொட்டி இல்லை. "ஒரு வேர் தொட்டிக்கு வெளிய போவுதுங்க, உள்ள தள்ளி விடட்டுமா?" என்று கேட்டார். தள்ளக் கூடாது, வளைத்தால் ஒடிந்துவிடும். அது தொட்டியின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போகட்டும், தண்ணீர் தெளிக்கும்போது அதன்மேலும் ஒரு தெளிப்பு போதும்.